பழைய பாய்மரப் படகின் எஞ்சின் ‘டிக்’ ஒலியோடு நின்றுவிடுவது ஏன்? மின்கம்பிகளைப் புதுப்பிக்கும் பணி - ஒரு விளக்கம்

மாலை நேரத்தில் மும்பைத் துறைமுகத்தை நோக்கித் திரும்பும் பழைய பாய்மரப் படகு ஒன்றை எண்ணிப் பார்ப்போம். காற்று அடங்கிவிட்டது, பாய்கள் தொய்ந்து தொங்குகின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கு ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையிலான நீர்மட்ட வேறுபாடு 4 மீட்டரைத் தாண்டுவதுண்டு. அந்த நீரோட்டம் படகைத் தன் போக்கில் இழுக்கிறது. சரக்குக் கப்பல்கள் செல்லும் தடமோ அருகிலேயே உள்ளது. எஞ்சினைக் கிளப்பச் சாவியைத் திருப்பினால், ‘டிக்’ என்ற ஒற்றை ஒலி மட்டுமே கேட்கிறது.

இத்தகைய நேரத்தில் பலரும் முதலில் எஞ்சினையோ பேட்டரியையோதான் சந்தேகிப்பார்கள். ஆனால், 20 அல்லது 30 ஆண்டுகள் பழமையான படகுகளில் இவை இரண்டும் நல்ல நிலையில் இருந்தும் எஞ்சின் கிளம்பாமல் போவதுண்டு. இரண்டையும் இணைக்கும் மின்கம்பிகளும், அவற்றின் இணைப்புகளும், அளவுமானிகள் பொருத்தப்பட்ட பலகையின் பின்புறமும்தான் பல நேரங்களில் கோளாறின் இருப்பிடமாக அமைகின்றன. அவற்றை முழுமையாகப் புதுப்பிக்கும் பணி எவ்வாறு நடைபெறுகிறது, அது ஏன் தேவைப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பாய்மரப் படகுக்கு மின்சாரம் எதற்கு?

காற்றின் விசையால் செல்லும் படகுக்கு மின்சாரம் தேவையா என்ற கேள்வி இயல்பானது. மும்பையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட ‘சுஹைலி’ என்ற சிறு படகில், பிரிட்டனைச் சேர்ந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14ஆம் தேதி புறப்பட்டு, எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி 312 நாட்களில் திரும்பினார். அவ்வாறு உலகை வலம் வந்த முதல் மனிதர் அவரே. பயணத்தின் இடையே அவரது வானொலிக் கருவி செயலிழந்ததால், அவர் உயிருடன் இருக்கிறாரா என்பதே பல மாதங்கள் வெளியுலகுக்குத் தெரியாமல் இருந்தது.

இன்றைய நீண்ட பயணங்களில் மின்சாரத்தின் பங்கு அதைவிடப் பன்மடங்கு பெரிது. கோவாவில் கட்டப்பட்ட இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ பாய்மரப் படகு, 2017-18இல் ஆறு பெண் அதிகாரிகளுடன் உலகைச் சுற்றி வந்தது. அதே படகில் கேரளத்தைச் சேர்ந்த கே. தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த அ. ரூபா ஆகிய இரு அதிகாரிகள் மட்டும் 2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவில் இருந்து புறப்பட்டு, 2025 மே 29ஆம் தேதி திரும்பினர். இத்தகைய பயணங்களில் திசைகாட்டும் கருவிகள், தகவல் தொடர்பு, இரவு விளக்குகள், சுக்கானைத் தானாக இயக்கும் கருவி என அனைத்தும் பேட்டரியையே நம்பியுள்ளன.

வார இறுதியில் கரையோரமாகச் செல்லும் சாதாரணப் படகுக்கும் இது பொருந்தும். துறைமுகத்துக்குள் நுழையவும் வெளியேறவும் எஞ்சின் வேண்டும். அதைக் கிளப்பப் பேட்டரி வேண்டும். பேட்டரியை நிரப்ப, எஞ்சினுடன் சுழலும் ஆல்டர்னேட்டர் வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை பயனற்றுப் போகும்.

மூன்று தனித்தனிப் பாதைகள்

படகின் எஞ்சினுக்கான 12 வோல்ட் மின்னமைப்பை மூன்று பாதைகளாகப் பிரித்துப் பார்த்தால் எளிதில் புரியும்.

முதலாவது, எஞ்சினைச் சுழற்றும் பாதை. பேட்டரியில் இருந்து முதன்மை சுவிட்ச் வழியாக ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் செல்லும் தடித்த கேபிள் இது. சிறிய டீசல் எஞ்சினிலும் இதன் வழியே 100 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் பாயும். ஆனால் சில நொடிகளுக்கு மட்டுமே.

இரண்டாவது, கட்டளைப் பாதை. சாவி சுவிட்ச், எச்சரிக்கை விளக்குகள், ஒலிப்பான், எண்ணெய் அழுத்தமானி, வெப்பமானி, சுழற்சிமானி ஆகியவற்றை இணைக்கும் மெல்லிய கம்பிகளின் கட்டு இது. எஞ்சின் அறையில் தொடங்கி, பல முனைகள் கொண்ட பிளக் ஒன்றைக் கடந்து, சுக்கான் அருகே உள்ள பலகையைச் சென்றடைகிறது.

மூன்றாவது, மின்னேற்றப் பாதை. ஆல்டர்னேட்டரில் இருந்து பேட்டரிக்குத் திரும்பும் மின்னோட்டம் இதில் செல்கிறது.

இம்மூன்றுக்கும் திரும்பும் வழி ஒன்று உண்டு. அது எஞ்சினின் உடற்பகுதியில் தொடங்கி, பேட்டரியின் எதிர்முனைக்குச் செல்லும் கேபிள். நேர்முனைக் கம்பிகளைக் கவனத்துடன் மாற்றுபவர்களும் இந்த ஒரு கேபிளை மறந்துவிடுவது வழக்கமாகக் காணப்படும் தவறாகும். எஞ்சினின் வண்ணப்பூச்சுக்கு மேலேயே, துருவேறிய போல்ட்டில் இது பொருத்தப்பட்டிருந்தால், மற்ற அனைத்தையும் புதிதாக மாற்றினாலும் பயனில்லை.

‘டிக்’ ஒலி சொல்வது என்ன?

வீட்டில் 230 வோல்ட் மின்சாரத்தில் கம்பியின் வழியே 1 வோல்ட் குறைந்தால் யாரும் உணர்வதில்லை. 12 வோல்ட்டில் அதே இழப்பு மொத்தத்தில் 8 சதவீதத்தைத் தாண்டுகிறது. படகின் மின்கோளாறுகளில் பெரும்பகுதியை இந்த ஒரு கணக்கே விளக்கிவிடும்.

சாவியைத் திருப்பும்போது, ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேல் அமைந்த சோலனாய்டுக்கு மின்சாரம் செல்கிறது. முதல் நொடியில் அது 20 ஆம்பியர் வரை ஈர்க்கக்கூடும். எஞ்சினில் இருந்து பலகைக்கு 4 மீட்டர், அங்கிருந்து திரும்ப 4 மீட்டர் என 8 மீட்டர் நீளமுள்ள 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் மட்டும் ஏறத்தாழ 1.1 வோல்ட் இழப்பு ஏற்படும். வழியில் உள்ள நான்கு பழைய இணைப்புகள் ஒவ்வொன்றிலும் 0.02 ஓம் மின்தடை இருந்தால், மேலும் 1.6 வோல்ட் குறையும். ஆக, பேட்டரியில் 12 வோல்ட் இருந்தாலும் சோலனாய்டை அடைவது 9.3 வோல்ட் மட்டுமே. அது அரைகுறையாக நகர்ந்து ‘டிக்’ என ஒலித்துவிட்டு நின்றுவிடுகிறது.

இதனால்தான் புதிய பேட்டரி வாங்கிப் பொருத்திய பிறகும் கோளாறு தொடர்கிறது. இதற்குப் பொதுவாகச் செய்யப்படும் தீர்வு, எஞ்சினுக்கு அருகிலேயே ஒரு ரிலேயைப் பொருத்துவதாகும். அப்போது சாவி சுவிட்ச் அந்த ரிலேயை இயக்கும் சிறிதளவு மின்னோட்டத்தை மட்டுமே அனுப்பினால் போதும். சோலனாய்டுக்கான மின்சாரம் குறுகிய, தடித்த கம்பி வழியே நேராகச் சென்றுவிடும்.

டீசல் எஞ்சினின் இயல்பும் இக்கோளாறை நெடுநாள் மறைத்து வைக்கிறது. பழைய வகை டீசல் எஞ்சின் கிளம்பிவிட்டால், பெரும்பாலும் மின்சாரம் இன்றியே தொடர்ந்து ஓடும். எனவே கம்பிகள் நலிந்துவருவது ஓட்டத்தில் தெரிவதில்லை. மீண்டும் கிளப்ப வேண்டிய தருணத்தில்தான் அது வெளிப்படுகிறது.

களிம்பேறும் செம்பு

செம்புப் பாத்திரத்தில் பச்சைக் களிம்பு ஏறுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். உப்புக்காற்று படும் கம்பிக்குள்ளும் அதுவே நிகழ்கிறது. கம்பியின் வெட்டுமுனை வழியே ஈரம் நுழைந்து, மெல்லிய இழைகளுக்கு இடையே பல சென்டிமீட்டர் தூரம் உள்ளே ஏறுகிறது. மேலுறை புதிது போலவே காட்சியளிக்கும். அதை உரித்தால் உள்ளே செம்பு கறுத்துப் போயிருக்கும். அத்தகைய கம்பியின் முனையை மட்டும் வெட்டிவிட்டுப் புதிய இணைப்புப் போடுவது நிலைக்காது.

இந்தியாவின் மேற்குக் கரையில் இச்சிக்கல் இன்னும் கடுமையானது. மழைக்காலத்தில் மாதக்கணக்கில் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும். மும்பையில் பொழுதுபோக்குப் பாய்மரப் படகுகள் இக்காலத்தில் பொதுவாகக் கடலில் இறங்குவதில்லை. பழுதுபார்ப்புக்கு அவகாசம் கிடைப்பதும் இப்பருவத்தில்தான். மூடிய அறைகளுக்குள் ஈரம் தங்கிக் கம்பிகளைக் கெடுப்பதும் இப்பருவத்தில்தான்.

எனவே படகுகளுக்கு, வெள்ளீயம் பூசப்பட்ட பல நுண்ணிழைகளைக் கொண்ட செம்புக் கம்பியே பரிந்துரைக்கப்படுகிறது. வெள்ளீயப் பூச்சு களிம்பைத் தடுக்கிறது. நுண்ணிழைகள் எஞ்சினின் அதிர்வைத் தாங்குகின்றன. வீட்டுச் சுவருக்குள் பதிக்கப்படும் ஒற்றைக் கம்பி விலை குறைவு என்பதால் சிலர் அதைப் பயன்படுத்துவதுண்டு. தொடர்ந்து அதிரும் இடத்தில் அது நாளடைவில் முறிந்துவிடும்.

இணைப்புகளுக்கும் இதுவே விதி. கம்பியின் முனையில் லக்கைப் பொருத்தி, அதற்குரிய கருவியால் அழுத்தி இறுக்கி, உட்புறம் பசை கொண்ட வெப்பச்சுருக்கக் குழாயால் மூடுவது முறையானது. சால்டரிங் மட்டுமே செய்து விடுவதை அமெரிக்கப் படகு மற்றும் சிறுகலன் மன்றத்தின் ‘ஈ-11’ விதிமுறை ஏற்பதில்லை. ஈயம் ஊறி விறைத்த இடத்தின் ஓரத்தில் கம்பி அதிர்வால் ஒடியக்கூடும். அளவுகடந்த வெப்பத்தில் ஈயம் உருகவும் கூடும்.

12 வோல்ட் ஆபத்தற்றதா?

12 வோல்ட் மின்சாரம் மனிதரைத் தாக்காது என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் அது தீயை மூட்டவல்லது. படகின் பேட்டரி, நேரடிக் குறுக்கிணைப்பு ஏற்படும்போது ஆயிரம் ஆம்பியருக்கு மேலும் வெளியிடக்கூடும். மெல்லிய கம்பி சில நொடிகளில் பழுக்கக் காய்ந்துவிடும். கண்ணாடியிழையால் ஆன உடற்பகுதியும், டீசல் படிந்த எஞ்சின் அறையும், மின்னேற்றத்தின்போது பேட்டரியில் இருந்து வெளியேறும் ஹைட்ரஜன் வாயுவும் சேர்ந்தால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தீப்பிடித்த படகில் இருந்து ஓட இடமும் இல்லை.

தளர்ந்த இணைப்பும் இதே போன்று ஆபத்தானது. 100 ஆம்பியர் பாயும் கேபிளின் முனையில் 0.02 ஓம் தடை இருந்தாலே அங்கு 200 வாட் வெப்பம் உருவாகும். மின்னணுப் பழுதுபார்ப்போர் ஈயத்தை உருக்கப் பயன்படுத்தும் சாதாரண 25 வாட் கருவியைப் போல இது எட்டு மடங்கு.

இதற்கான பாதுகாப்பு ஃபியூஸ். அது கருவியைக் காப்பதற்கானது எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது கம்பியைக் காப்பதற்கானது. ஆகவே கம்பியின் தடிமனுக்கு ஏற்ற ஃபியூஸை, மின்சாரம் புறப்படும் இடத்திற்கு மிக அருகில் பொருத்த வேண்டும். ‘ஈ-11’ விதிமுறை இதற்கு 7 அங்குலம், அதாவது சுமார் 18 சென்டிமீட்டர் என்ற அடிப்படைத் தொலைவைக் குறிப்பிடுகிறது. கம்பி கூடுதல் உறைக்குள் சென்றால் இத்தொலைவில் தளர்வு உண்டு. ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் இடைப்பட்ட கம்பிக்குப் பாதுகாப்பு ஏதும் இல்லை என்பதே இதன் காரணம்.

ஸ்டார்ட்டர் கேபிளுக்கு மட்டும் இந்த விதியில் விலக்கு உண்டு. அதனாலேயே அந்தக் கேபிள் கூர்மையான விளிம்புகளிலோ சூடான புகைக்குழாயிலோ உரசாமல் செல்வதும், முதன்மை சுவிட்ச் எளிதில் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதும் அவசியமாகிறது. எஞ்சின் ஓடும்போது அந்தச் சுவிட்சை அணைத்தால், போக்கிடம் இல்லாத மின்னழுத்தம் உயர்ந்து ஆல்டர்னேட்டரின் டையோடுகளைச் சேதப்படுத்தும் என்பதும் கவனிக்கத்தக்கது.

பலகையின் பின்புறம்

பழைய அளவுமானிப் பலகைகளில் அம்மீட்டர் இடம்பெற்றிருக்கும். பேட்டரிக்கு எவ்வளவு மின்னோட்டம் செல்கிறது என்பதை அது காட்டும். இதற்காக ஆல்டர்னேட்டரின் முழு மின்னோட்டமும் எஞ்சின் அறையில் இருந்து பலகை வரை வந்து திரும்பிச் செல்ல வேண்டும். மழையும் கடல்நீரும் தெறிக்கும் பலகையின் பின்னால் இவ்வளவு மின்னோட்டம் பாய்வது உகந்ததல்ல. புதுப்பிக்கும்போது அம்மீட்டரை அகற்றி, ஆல்டர்னேட்டரைத் தடித்த கம்பியால் பேட்டரியுடன் நேராக இணைத்து, பலகையில் வோல்ட்மீட்டர் பொருத்துவது வழக்கமாகிவிட்டது. வோல்ட்மீட்டருக்கு மிகச் சிறிதளவு மின்னோட்டமே போதுமானது.

புதிய மானிகளை வாங்கும்போது மற்றொரு சிக்கல் எழக்கூடும். எரிபொருள் தொட்டியில் உள்ள உணரியின் மின்தடை, ஐரோப்பிய முறையில் தொட்டி காலியாக இருக்கும்போது 10 ஓம், நிறைந்திருக்கும்போது 180 ஓம் என மாறும். அமெரிக்க முறையில் அது காலியில் 240 ஓம், நிறைவில் 33 ஓம். ஒரு முறையைச் சேர்ந்த உணரியை மற்றதன் மானியுடன் இணைத்தால், டீசல் தீரத் தீர முள் ‘நிறைவு’ பக்கம் நகரும்.

பணி தொடங்குவது தாளிலும் பேனாவிலும்

பழைய படகின் வயரிங் ஒரே நாளில் உருவானதல்ல. ஒவ்வோர் உரிமையாளரும் ஒரு விளக்கையோ பம்பையோ கூட்டியிருப்பார்; அகற்றியவர் கம்பியை மட்டும் விட்டுச் சென்றிருப்பார். எங்கிருந்து வருகிறது, எங்கே செல்கிறது எனத் தெரியாத கம்பிகள் மிகுந்துவிடும். ஆகவே எதையும் வெட்டுவதற்கு முன்பு ஒவ்வோர் இணைப்பையும் படமெடுத்து, கம்பிகளின் இரு முனைகளிலும் ஒரே எண்ணை ஒட்டி, தாளில் வரைபடம் தயாரிக்க வேண்டும்.

பின்னர் பேட்டரியின் எதிர்முனை முதலிலும் நேர்முனை அடுத்தும் கழற்றப்படுகின்றன. கம்பிகளை ஒட்டுமொத்தமாகப் பிடுங்காமல், ஒவ்வொரு சுற்றாக மாற்றி, சோதித்த பிறகே அடுத்ததற்குச் செல்வது நல்லது. அவ்வாறு செய்தால், புதிதாக ஒரு கோளாறு தோன்றினால் அது கடைசியாகத் தொட்ட சுற்றில்தான் உள்ளது என்பது உறுதியாகிவிடும். பயனற்ற பழைய கம்பிகளை முழுமையாக வெளியே எடுத்துவிட வேண்டும்.

கம்பிகளின் நிறத்திற்கும் முறை உண்டு. அமெரிக்க விதிமுறையின்படி எஞ்சினைக் கிளப்பும் சுற்றுக்குச் சிவப்புக் கோடிட்ட மஞ்சள், சாவியைத் திருப்பிய பின் மின்சாரம் பெறும் சுற்றுக்கு ஊதா, எண்ணெய் அழுத்தத்துக்கு இளநீலம், சுழற்சிமானிக்கு அடர்சாம்பல் நிறம் பயன்படுத்தப்படுகின்றன. விரும்பிய நிறங்கள் கிடைக்காதபோது, இரு முனைகளிலும் ஒட்டப்படும் எண் சீட்டுகள் அந்தக் குறையை ஈடுசெய்யும்.

கம்பிக் கட்டு தொங்காதபடி, சுமார் 45 சென்டிமீட்டருக்கு ஒருமுறை தாங்கி பொருத்த வேண்டும். பலகையை அடையும் முன் கம்பி சற்றே கீழிறங்கி மேலேறுமாறு வளைத்துவிட்டால், அதன் மேல் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். காந்தத் திசைகாட்டிக்கு அருகே செல்லும் நேர், எதிர்க் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிச் செலுத்த வேண்டும். இல்லையெனில் அவற்றின் காந்தப்புலம் திசைகாட்டியின் முள்ளை விலக்கிவிடும்.

அடித்தளத்தில் தேங்கும் நீரை வெளியேற்றும் பம்ப் இதில் தனித்துக் கவனிக்க வேண்டியது. முதன்மை சுவிட்சை அணைத்துவிட்டு ஆட்கள் கரைக்குச் சென்ற பிறகும் அது இயங்க வேண்டும் என்பதால், தனி ஃபியூஸுடன் பேட்டரியில் இருந்து நேரடியாக இணைக்கப்படுகிறது. இதன் கம்பி பழுதாகி அடித்தள நீரில் மின்சாரம் கசிந்தால், நீருக்கடியில் உள்ள உலோகப் பாகங்கள் குறுகிய காலத்திலேயே அரிக்கப்படும் அபாயமும் உண்டு.

ஒலிக்காத ஒலிப்பான்

பணி முடிந்தபின் செய்ய வேண்டிய சோதனைகளில் எச்சரிக்கை ஒலிப்பானுக்கு முதலிடம் தரலாம். சாவியைத் திருப்பி எஞ்சினைக் கிளப்பாமல் விட்டால், எண்ணெய் அழுத்தம் இல்லாததால் ஒலிப்பான் ஒலிக்க வேண்டும். கிளம்பியதும் அடங்க வேண்டும். தொடக்கத்திலேயே அது மௌனமாக இருந்தால், எல்லாம் நலம் என்று பொருளல்ல. எச்சரிக்கும் வழி அறுந்துள்ளது என்றே பொருள்.

வெப்ப எச்சரிக்கையின் நிலை இதைவிட நுட்பமானது. அதன் சுவிட்ச் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடான பிறகே இணைப்பை ஏற்படுத்தும். கம்பி அறுந்திருந்தால், எஞ்சின் கெடும் வரை அது யாருக்கும் தெரியாது. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உள்ளது. சாவியைத் திருப்பிய நிலையில், வெப்ப சுவிட்சில் இருந்து கம்பியைக் கழற்றி, எஞ்சினின் வெற்று உலோகப் பகுதியில் ஒரு நொடி தொட வேண்டும். அதற்குரிய எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கம்பி நலமாக உள்ளது.

அடுத்து, எஞ்சினைக் கிளப்பும்போது பேட்டரியின் முனைகளிலும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் முனைகளிலும் மல்டிமீட்டரால் வோல்ட் அளவை அளந்து ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு, வழியில் இழக்கப்படும் மின்னழுத்தத்தைக் காட்டும். அந்த அளவைத் தேதியுடன் குறித்து வைத்து ஆண்டுதோறும் ஒப்பிட்டால், இணைப்புகள் நலிவதை முன்கூட்டியே அறியலாம்.

இறுதியாக, முடிக்கப்பட்ட வயரிங்கின் வரைபடத்தை நீர்புகாத உறையில் இட்டுப் பலகையின் பின்மூடியில் ஒட்டி வைப்பது நன்று. அடுத்த கோளாறு நடுக்கடலில், இருட்டில், படகை முன்பின் அறியாத ஒருவரின் கையில் ஏற்படக்கூடும். எந்த எண் கம்பி எங்கே செல்கிறது என்பதை அவர் அந்தத் தாளைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடியும்.